கழிவறையில் தண்ணீர் இறங்கவில்லையா? ஆசிட் ஊற்றும் முன் அடைப்பு எங்கே என்று பாருங்கள்

தீபாவளி, திருமணம், கருமாதி என்று வீட்டில் கூட்டம் கூடும் நாளில்தான் இந்தப் பிரச்சினை பெரும்பாலும் தலைகாட்டும். கழிவறையில் தண்ணீர் விட்டால் இறங்காது. பீங்கானின் விளிம்புவரை ஏறி நின்று, சற்று நேரம் கழித்து மெல்ல வடியும். அடுத்தவர் போய்த் தண்ணீர் விட்டால் அதுவும் வடியாது. பிறகு வீடே பரபரப்பாகிவிடும். ஒருவர் கம்பியை விட்டுக் குத்துவார். ஒருவர் கடைக்கு ஓடி ஆசிட் வாங்கி வருவார். இன்னொருவர் பின்புறம் போய் செப்டிக் தொட்டியின் மூடியைத் தூக்கப் பார்ப்பார்.

இந்த அவசரத்தில் யாரும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு: அடைப்பு எங்கே இருக்கிறது? தண்ணீர் தேங்கி நிற்கும் இடம் பீங்கானாக இருக்கலாம். ஆனால் அடைப்பு அங்கிருந்து முப்பது அடி தள்ளி, பின்கட்டுக்கு வெளியே இருக்கலாம். இடம் தெரியாமல் செய்யும் வேலை பணத்தை வீணாக்கும். சில வேளைகளில் உயிருக்கே ஆபத்தாக முடியும்.

கழிவு போகும் பாதை

அடைப்பைக் கண்டுபிடிக்க முதலில் பாதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். பீங்கானுக்கு அடியில் வளைவு ஒன்று இருக்கும். அதில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். குழாய்க்குள் இருக்கும் வாயு வீட்டுக்குள் வராமல் தடுப்பது அந்தத் தண்ணீர்தான். வளைவைத் தாண்டியதும் 4 அங்குலக் குழாய். அது வீட்டுக்கு வெளியே மேன்ஹோல் எனப்படும் சிறு சோதனைக் குழிக்கு வரும். அங்கிருந்து செப்டிக் தொட்டிக்குப் போகும்.

தொட்டிக்குள் கழிவு மூன்று அடுக்காகப் பிரியும். கனமானது அடியில் சேறாகப் படியும். கொழுப்பும் எண்ணெயும் ஏடுபோல் மேலே மிதக்கும். நடுவில் இருக்கும் நீர் அடுத்த அறைக்குப் போய், வெளியேறும் குழாய் வழியாகக் கால்வாய்க்கோ மண்ணுக்கோ செல்லும். அடியில் தங்கும் சேற்றைக் காற்றில்லாமல் வாழும் நுண்ணுயிர்கள் சிறிது சிறிதாகச் சிதைக்கும். முழுவதையும் அவற்றால் சிதைக்க முடியாது. மிஞ்சுவது ஆண்டுக்கு ஆண்டு ஏறிக்கொண்டே வரும்.

புதிய தாமான்கள் பலவற்றில் செப்டிக் தொட்டியே இருக்காது. வீட்டுக் குழாய் நேராகப் பொதுக் கழிவுநீர்க் குழாயில் சேர்ந்து சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போய்விடும். பழைய தாமான், கம்பத்து வீடு, தோட்டக் குடியிருப்பு என்றால் தொட்டி இருக்க வாய்ப்பு அதிகம். உங்கள் வீடு எந்த வகை என்பதை அடைப்பு வரும் நாளுக்கு முன்பே தெரிந்து வைத்திருப்பது நல்லது.

முதல் சோதனை: ஒரு வாளித் தண்ணீர்

பீங்கானில் தண்ணீர் ஏறி நிற்காமல், கழிவு மட்டும் போகாமல் சுற்றிச் சுற்றி வருகிறதா? அப்படியென்றால் அது அடைப்பாகவே இல்லாமல் இருக்கலாம். ஒரு வாளித் தண்ணீரை எடுத்து வேகமாக ஊற்றிப் பாருங்கள். ஒரே வீச்சில் எல்லாம் போய்விட்டால் குழாயில் குறை இல்லை. குறை மேலே இருக்கும் ஃபிளஷ் தொட்டியில்தான்.

ஃபிளஷ் தொட்டியின் மூடியைத் திறந்து நீர்மட்டத்தைப் பாருங்கள். உள்ளே நிற்கும் வழிகுழாயின் மேல்வாய்க்கு ஓர் அங்குலம் கீழே வரை தண்ணீர் இருக்க வேண்டும். அதற்கும் குறைவாக இருந்தால் மிதவையைச் சரிசெய்தால் போதும். தண்ணீரைச் சேமிக்க உள்ளே செங்கல்லோ புட்டியோ போட்டு வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள். பழைய ஃபிளஷ் தொட்டிகள் 9 லிட்டர் தண்ணீருக்கு என்று செய்யப்பட்டவை. அவற்றோடு வந்த பீங்கானுக்கு அந்த அளவு தண்ணீர் தேவை. குறைத்தால் கழிவு பாதி வழியில் குழாயிலேயே தங்கிவிடும். இன்று சேமித்த தண்ணீர் நாளை அடைப்பாக வந்து நிற்கும்.

பீங்கானின் விளிம்புக்கு அடியில் தண்ணீர் இறங்கும் சிறு துளைகளையும் பாருங்கள். உப்பு படிந்து மூடியிருந்தால் பழைய பல்துலக்கியால் தேய்த்து விடலாம்.

இரண்டாம் சோதனை: ஒரு கழிவறையா, எல்லாமா?

தண்ணீர் ஏறி நிற்கிறது என்றால், வீட்டில் இருக்கும் அடுத்த கழிவறைக்குப் போய்ப் பாருங்கள். அங்கே தண்ணீர் வழக்கம்போல் இறங்கினால், அடைப்பு முதல் கழிவறையின் வளைவிலோ அதன் குழாயிலோ மட்டும் இருக்கிறது. எல்லாக் கழிவறையிலும் இறங்கவில்லை என்றால், அடைப்பு அவை எல்லாம் சேரும் இடத்திலோ அதற்கு அப்பாலோ இருக்கிறது. ஒரு கழிவறையில் தண்ணீர் விடும்போது மற்றதில் குமிழி விட்டுக் ‘குளுக் குளுக்’ என்று சத்தம் வந்தாலும் அதே பொருள்தான்.

ஒரே கழிவறை உள்ள வீட்டில் இந்தச் சோதனை செய்ய முடியாது. அங்கே நேராக மூன்றாம் சோதனைக்குப் போக வேண்டும்.

மூன்றாம் சோதனை: மேன்ஹோல் குழி

வீட்டுக்கு வெளியே இருக்கும் மேன்ஹோல் குழியின் மூடியைத் திறந்து, சற்றுத் தள்ளி நின்று பாருங்கள். கையுறை அணிந்திருங்கள். பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதீர்கள். சிகரெட், தீக்குச்சி எதுவும் வேண்டாம்.

குழி காலியாக இருந்தால் அடைப்பு வீட்டுக்கும் குழிக்கும் இடையில் இருக்கிறது. குழி நிரம்பி நின்றால் அடைப்பு குழிக்கு அப்பால், அதாவது தொட்டிக்குப் போகும் குழாயிலோ தொட்டியிலோ இருக்கிறது. இந்த ஒரு பார்வையே பாதி வேலையை முடித்துவிடும். குழி நிரம்பியிருக்கும்போது பீங்கானில் எவ்வளவு குத்தினாலும் பயன் இல்லை.

நான்காம் சோதனை: கால்வாயில் நீர் வருகிறதா?

செப்டிக் தொட்டி ‘நிறைந்துவிட்டது’ என்று சொல்வது வழக்கம். உண்மையில் நன்றாக வேலை செய்யும் தொட்டி எப்போதுமே நிறைந்துதான் இருக்கும். வெளியேறும் குழாயின் மட்டம் வரை அதில் நீர் நிற்க வேண்டும். ஒரு வாளி உள்ளே போனால் ஒரு வாளி வெளியே வரும். ஆகவே, நிறைந்திருப்பது கோளாறு அல்ல. எதனால் நிறைந்திருக்கிறது என்பதுதான் கேள்வி. நீரால் என்றால் சரி. சேற்றால் என்றால் ஆபத்து.

தொட்டியைத் திறக்காமலே இதைச் சோதிக்க வழி இருக்கிறது. தொட்டியின் வெளியேறும் குழாய் கால்வாயில் முடியும் வீடுகளில், ஒருவர் உள்ளே ஓரிரு வாளித் தண்ணீர் விடட்டும். இன்னொருவர் கால்வாய்ப் பக்கம் நின்று பார்க்கட்டும். பீங்கான் விளிம்பு வரை நிரம்பி நின்றால் இதைச் செய்ய வேண்டாம்.

சற்று நேரத்தில் குழாயில் நீர் வந்தால் தொட்டிக்கு வழி இருக்கிறது. நீரே வரவில்லை என்றால் இடையில் எங்கோ அடைத்திருக்கிறது. கறுப்புச் சேறும் கட்டிகளும் சேர்ந்து வந்தால், தொட்டியில் சேறு மிகுந்து வழிகிறது என்று பொருள். அதற்கு ஒரே தீர்வு செப்டிக் லாரியைக் கூப்பிட்டுச் சேற்றை உறிஞ்சுவதுதான்.

இடம் தெரிந்துவிட்டது, என்ன செய்வது?

அடைப்பு பீங்கானின் வளைவில் இருந்தால் ரப்பர் பம்ப் போதும். அதன் வாய் முழுவதும் தண்ணீருக்குள் மூழ்கியிருக்க வேண்டும். மெல்ல அழுத்தி, வேகமாக இழுக்க வேண்டும். அழுத்துவதைவிட இழுப்பதுதான் அடைப்பைத் தளர்த்தும். முரட்டுத்தனமாக அழுத்தினால் அடைப்பு இன்னும் உள்ளே போய் இறுகிவிடும். பத்துப் பதினைந்து முறை இழுத்தும் அசையவில்லை என்றால், கழிவறைக்கு என்று விற்கும் ஸ்பிரிங் கம்பியைச் சுழற்றி உள்ளே விடலாம். துணிக்கொடிக் கம்பியை வளைத்துக் குத்தினால் பீங்கானில் கீறல் விழும். கொதிக்கும் நீரை ஊற்றினால் பீங்கான் வெடிக்கக்கூடும்.

அடைப்பு குழாயில் இருந்தால், மேன்ஹோல் குழியிலிருந்து நீண்ட கம்பி விட்டுத் தள்ளுவதே முறை. இதற்குக் குழாய்க்காரரைக் கூப்பிடுவது நல்லது. அடிக்கடி ஒரே இடத்தில் அடைத்தால் காரணத்தைத் தேட வேண்டும். மரத்தின் வேர் இணைப்பு வழியாக நுழைந்திருக்கலாம். மண் இறங்கிக் குழாய் தொய்ந்திருக்கலாம். 4 அங்குலக் குழாய்க்கு ஏறக்குறைய 40 அடிக்கு 1 அடி என்ற சரிவு வேண்டும். வீட்டைப் பெரிதாக்கும்போது குழாயை இழுத்து நீட்டியவர்கள் பலர் இந்தச் சரிவைக் கவனிப்பதில்லை.

அடைப்பு தொட்டியில் இருந்தால் வீட்டார் செய்யக்கூடிய வேலை ஒன்றுதான்: தண்ணீர் விடுவதை நிறுத்திவிட்டு லாரிக்குப் பதிவு செய்வது.

மழை நேரத்தில் மட்டும் இந்தத் தொல்லை வந்தால் கதை வேறு. கால்வாய் நிரம்பி ஓடும்போது தொட்டியின் நீர் வெளியேற முடியாமல் நிற்கும். சில இடங்களில் கால்வாய் நீரே திரும்பி வரும். கால்வாய் வடிந்ததும் அது தானே சரியாகும். மண் ஊறிக் கிடக்கும் நாளில் ஃபைபர் தொட்டியைக் காலி செய்தால், அதன் எடை குறைந்து மண்ணுக்குள்ளிருந்து மேலே கிளம்பிவிடும் அபாயமும் உண்டு. லாரிக்காரரிடம் எந்த வகைத் தொட்டி என்பதைச் சொல்லிவிடுங்கள்.

ஆசிட் ஏன் வேண்டாம்?

கடையில் கிடைக்கும் ஆசிட்டும் காஸ்டிக் சோடாவும் துணியையோ பிளாஸ்டிக்கையோ கரைக்காது. கழிவறையை அடைப்பவையோ பெரும்பாலும் அவைதாம்: வெட் டிஷ்யூ, மாதவிடாய்ப் பஞ்சு, குழந்தைகளின் பேம்பர்ஸ், சிகரெட் துண்டு. ‘கழிவறையில் போடலாம்’ என்று பொட்டலத்தில் எழுதியிருந்தாலும் வெட் டிஷ்யூ சாதாரண டிஷ்யூபோல் நீரில் கரைவதில்லை.

ஊற்றிய ஆசிட் அடைப்பை நீக்காமல் பீங்கானிலேயே நின்றால், அடுத்து ரப்பர் பம்ப் பிடிப்பவரின் முகத்தில் அது தெறிக்கும். ஆசிட் ஊற்றிய இடத்தில் வெளுக்கும் குளோராக்ஸ் வகை நீரையும் ஊற்றினால் குளோரின் வாயு கிளம்பும். சன்னல் இல்லாத சிறு கழிவறையில் அது மூச்சை அடைத்துவிடும். தொட்டிக்குள் போய்ச் சேரும் மருந்து அங்கிருக்கும் நுண்ணுயிர்களையும் கொல்லும். அவை செத்தால் சேறு இன்னும் வேகமாக ஏறும். இன்றைய அவசரத்துக்கு ஊற்றியது, அடுத்த அடைப்பை முன்கூட்டியே வரவழைக்கும்.

தொட்டிக்குள் யாரும் இறங்கக்கூடாது

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால் அது இதுதான்: எந்தக் காரணத்துக்காகவும் செப்டிக் தொட்டிக்குள் இறங்காதீர்கள். தலையை உள்ளே நீட்டியும் பார்க்காதீர்கள். கூலிக்கு யாரையும் இறக்கவும் செய்யாதீர்கள்.

சேறு அழுகும்போது ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற வாயு உண்டாகிறது. கொஞ்சமாக இருக்கும்போது அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். காற்றின் பத்து லட்சம் பங்கில் அது 100 பங்கை எட்டினால், சில நிமிடங்களில் மூக்கு அந்த நாற்றத்தை உணரும் திறனை இழந்துவிடும். நாற்றம் போய்விட்டது, இனி பயமில்லை என்று மனிதன் நினைக்கும் நேரம்தான் ஆபத்து மிகுந்த நேரம். 500 பங்குக்கு மேல் போனால் சில நிமிடங்களில் மயங்கி விழ நேரும். 700 பங்குக்கு மேல் ஓரிரு மூச்சிலேயே நினைவு தப்பிவிடலாம். இந்த வாயு காற்றைவிடக் கனமானது. மூடியைத் திறந்து வைத்தாலும் அடியில் தங்கி நிற்கும். கூடவே இருக்கும் மீத்தேன் தீப்பற்றக் கூடியது.

இத்தகைய விபத்துகளில் மீண்டும் மீண்டும் நடப்பது ஒன்று உண்டு. முதலில் இறங்கியவர் விழுந்துவிடுவார். அவரைத் தூக்க அண்ணனோ தம்பியோ கூட வேலை செய்பவரோ பதறிக் குதிப்பார். அவரும் விழுவார். பாசத்தால் எடுக்கும் அந்த முடிவு ஒரு சாவை இரண்டாக்கிவிடும். ஒருவர் உள்ளே விழுந்துவிட்டால் இறங்காமல் 999-ஐ அழையுங்கள். தீயணைப்பு மீட்புப் படையினரிடம் மூச்சுக் கருவி இருக்கும். அது இல்லாமல் இறங்குபவர் யாராக இருந்தாலும் கதி ஒன்றுதான்.

வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரத் துறையான டோஷ் 2010இல் வெளியிட்ட நடைமுறை விதிகள் இத்தகைய இடங்களை அடைபட்ட பணியிடம் என்கின்றன. பயிற்சி பெற்று, காற்றைக் கருவியால் சோதித்து, மேலே ஒருவர் காவல் நிற்கத்தான் அங்கே இறங்க வேண்டும். கயிறும் வாளியுமாக வருபவரிடம் இவை எதுவும் இருக்காது. ஐம்பது வெள்ளி மிச்சம் பார்க்கப் போய், வயிற்றுப்பிழைப்புக்காக வந்த ஒருவரின் உயிரைப் பணயம் வைக்க வேண்டியதில்லை.

தொட்டியின் மூடியையும் அவ்வப்போது பாருங்கள். விரிசல் விட்ட சிமெண்டுப் பலகை மீது பிள்ளைகள் ஏறி விளையாடுவது சாதாரணம். உடைந்த மூடியை இன்றே மாற்ற வேண்டும்.

யாருடைய பொறுப்பு?

தொட்டி சொந்த வீட்டுக்கு உரியது என்றால் பொறுப்பு வீட்டு உரிமையாளருடையது. 1994இல் தொடங்கப்பட்ட இண்டா வாட்டர், முன்பு அட்டவணை போட்டுத் தானே லாரியை அனுப்பி வந்தது. 2006ஆம் ஆண்டின் நீர்ச் சேவைத் தொழில் சட்டம் 2008இல் நடப்புக்கு வந்தபோது, சேற்றை உறிஞ்ச வைக்கும் கடமை உரிமையாளர் கைக்கு மாறியது. லாரி தானே வந்த காலம் போய், கூப்பிட்டால் வரும் காலம் வந்தது. கூப்பிட மறந்த வீடுகள் பல. ‘இத்தனை வருஷம் ஒன்றும் ஆகவில்லையே’ என்று இருந்துவிடுகிறார்கள். ஒன்றும் ஆகாமல் இல்லை. உறிஞ்சப்படாத சேறு பல வீடுகளில் கால்வாய் வழியாக ஆற்றுக்குப் போய்க்கொண்டிருக்கிறது.

2 ஆண்டுக்கு ஒரு முறையாவது உறிஞ்ச வேண்டும் என்பது இண்டா வாட்டர் தரும் ஆலோசனை. மலேசியாவில் ஒரு வீட்டுக்கு 5 பேர் என்ற கணக்கில்தான் தொட்டி வடிவமைக்கப்படுகிறது. எட்டுப் பேர் வாழும் வீட்டுக்குச் சற்று முன்னதாகவே தேவைப்படும். பெருநாளுக்கு உறவினர் கூட்டமாக வருவார்கள் என்றால் ஒரு மாதம் முன்பே செய்துவிடலாம்.

இண்டா வாட்டர் இல்லாமல் தனியாரைக் கூப்பிட்டால், தேசிய நீர்ச் சேவை ஆணையமான ஸ்பானின் அனுமதி இருக்கிறதா என்று கேளுங்கள். விலையை முன்கூட்டியே பேசி, இரசீது வாங்குங்கள். அனுமதி உள்ளவர் சேற்றைச் சுத்திகரிப்பு நிலையத்துக்குக் கொண்டுபோக வேண்டும். மிக மலிவாகப் பேசுபவர் அதை எங்கே கொட்டுவார் என்று யோசித்துப் பாருங்கள். செம்பனைக் காட்டு ஓடையில் கொட்டினால், அந்த நீர் போய்ச் சேரும் இடத்திலும் குடும்பங்கள் இருக்கின்றன.

பொதுக் குழாயோடு இணைந்த வீடு என்றால், வீட்டிலிருந்து பொதுக் குழாய் வரை உள்ள பகுதி உரிமையாளருடையது. சாலையில் இருக்கும் மேன்ஹோல் வழிந்தால் அது இண்டா வாட்டர் பார்க்க வேண்டிய வேலை. அடுக்குமாடியில் கீழ்த்தளத்து வீட்டில் கழிவு பொங்கினால், பெரும்பாலும் தவறு மேல்மாடிகளில் எங்கோ போடப்பட்ட பொருளால்தான். அதைக் கூட்டு நிர்வாக அமைப்பிடம் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். கீழ் வீட்டார் மட்டும் செலவைச் சுமப்பது நியாயம் அல்ல.

தோட்டக் குடியிருப்பில் ஒரு வரிசை வீடுகளுக்கு ஒரே தொட்டி இருப்பது உண்டு. 1990ஆம் ஆண்டின் 446ஆம் சட்டம், தோட்டத் தொழிலாளரின் வீடுகளையும் அடிப்படை வசதிகளையும் பராமரிக்கும் கடமையை முதலாளியிடம் வைக்கிறது. தொட்டி வழிந்தால் தோட்ட அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து, நகல் ஒன்றில் தேதியோடு கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள். பதில் இல்லை என்றால் தொழிற்சங்கத்துக்கும் மனிதவளத் துறைக்கும் போக அந்த நகலே துணை. கிராணி திட்டுவார் என்று பயந்து, வீட்டு இளைஞர்களே மூடியைத் தூக்கி இறங்குவது மட்டும் வேண்டாம்.

இன்றே செய்யக்கூடியவை

வீட்டைச் சுற்றி வந்து மேன்ஹோல் குழி எங்கே, தொட்டி எங்கே என்று பாருங்கள். பழைய தாமான் வீடுகள் பலவற்றில் சமையலறையை நீட்டியபோது தொட்டியின் மூடி தரைக்கல்லுக்கு அடியில் போய்விட்டது. அப்படியென்றால் லாரி வந்தும் பயன் இல்லை; மூடி இருக்கும் இடத்தில் திறக்கக்கூடிய வாய் ஒன்று வைக்க வேண்டும். வீட்டை விரிவுபடுத்தத் திட்டமிடுபவர்கள் குத்தகைக்காரரிடம் இதை முதலிலேயே சொல்லிவிடலாம்.

கழிவறையில் மூடியுள்ள குப்பைக் கூடை ஒன்று வையுங்கள். பஞ்சும் பேம்பர்ஸும் வெட் டிஷ்யூவும் அதில் போகட்டும். பொரித்த எண்ணெயை அங்கே ஊற்ற வேண்டாம். விருந்தினரிடமும் இதைச் சொல்லத் தயங்காதீர்கள்.

கடைசியாகச் சேறு உறிஞ்சிய தேதியை மின் மீட்டர் பெட்டியின் உள்பக்கத்தில் எழுதி வையுங்கள். அந்தத் தேதி யாருக்கும் நினைவில் இல்லை என்றால் காத்திருக்க வேண்டாம். லாரிக்குப் பதிவு செய்யுங்கள்.